ஒரே கார்டு, வேறு வேகம்: ஏன்?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு உள்ள இரண்டு லேப்டாப்கள். இரண்டிலும் அதே சிப், அதே 8 ஜிபி நினைவகம். ஆனாலும் ஒரே கேம் ஒரு லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மற்றதில் திணறுகிறது.

காரணம் மின்சாரம். இந்தச் சிப்புக்கு 35 வாட் கொடுப்பதா, 115 வாட் கொடுப்பதா என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவுசெய்கிறார். செலவாகும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாகிறது. மெல்லிய லேப்டாப்பின் சிறிய விசிறியால் அதை வெளியேற்ற முடியாது. அதனால் வரம்பைக் குறைக்கிறார்கள்.

வாட் பாதியானால் வேகமும் பாதியாகிவிடாது. மின்செலவு கடிகார வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. உச்ச வேகத்துக்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசிச் சில மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தை அதிகம் தின்கின்றன. மிகக் குறைந்த வாட்டில்தான் அடி பலமாக விழும்.

சில நேரம் பெயர் மட்டுமே ஒன்று. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கணக்கிடும் கருக்கள் (கோர்கள்). லேப்டாப் 4090இல் 9,728. சிப்பே வேறு! இரண்டுக்கும் ஒரே எண் வைத்தது வாங்குபவருக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எப்படி ஒப்பிடுவது? முதலில் வாட் வரம்பைக் கேளுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, அரை மணி நேரம் கேமை ஓடவிட்டு, சூடேறிய பின் வினாடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்று பாருங்கள். முதல் நிமிட எண்களை நம்ப வேண்டாம்.