தொப்பை குறையணும், தெம்பு குறையக் கூடாது!



மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டங்களில், உடம்பைக் குறைக்கச் சொன்னதும் எழும் கேள்வி ஒன்றுதான். “ஐயா, சோத்தைக் குறைச்சா ஒடம்புல தெம்பு எங்கே இருக்கும்? நாளைக்கு குலையை எப்படித் தூக்கறது?”

நியாயமான கேள்வி. 20 கிலோ செம்பனைக் குலையைத் தூக்கிப் போடுகிறவரைப் பட்டினி கிடக்கச் சொல்ல முடியாது. ஆனால் தெம்பு வேறு, கொழுப்பு வேறு. தெம்பு இருப்பது தசையில். வயிற்றைச் சுற்றித் தொங்குவது கொழுப்பு. தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பை மட்டும் கரைப்பது எப்படி என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

முதலில் அளந்து பாருங்கள்

தையல் நாடா ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்துச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர். அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவு இதைவிட அதிகம். நம் இந்திய உடம்பு அப்படியல்ல. கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு முழுவதும் வயிற்றில் சேரும். “நான் ஒல்லிதானே” என்று நினைப்பவருக்கும் நீரிழிவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019-ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதாவது, மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர்! கால் விரல் எடுப்பதும், வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போவதும் இந்த நோய் முற்றுவதால் வருகிற வினைதான். குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அன்றைய உழைப்பும் இன்றைய சாப்பாடும்

டான் சே யான் 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலந்தொட்டு நம் முன்னோர் இந்த மண்ணில் நடந்தார்கள். இருட்டிலேயே பெரட்டு, பிறகு நிரை நிரையாகப் பால்வெட்டு, வாளி சுமப்பு, மாலையில் விறகும் தண்ணீரும். சாப்பிட்ட சோறு அன்றைக்கே எரிந்துவிடும். இன்று மோட்டார் சைக்கிள் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, கேஸ் அடுப்பு உண்டு. பிள்ளைகள் தொழிற்சாலையில் நின்ற இடத்திலோ உட்கார்ந்தோ வேலை செய்கிறார்கள். உழைப்பு குறைந்தது, ஆனால் தட்டில் சோறு மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே இருக்கிறது.

சோற்றைப் பற்றி இன்னொரு சேதி. 1900-களில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி தின்றவர்கள் கால் வீங்கி மடிந்தபோது, புழுங்கல் அரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக் காட்டினார். நெல்லை அவித்து எடுக்கும்போது சத்து அரிசிக்குள் தங்குகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆகவே பாட்டியின் புழுங்கல் அரிசியைக் கேலி செய்யாதீர்கள்! ஆனால் புழுங்கலோ பச்சையோ, அளவு மீறினால் கொழுப்புதான்.

தட்டை நான்காகப் பிரியுங்கள்

சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரு’ என்று சொல்கிறதே, அதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு. நம் வீட்டில் பெரும்பாலும் தலைகீழ். பாதிக்கு மேல் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு மீன், கீரை கண்ணுக்கே தெரியாது.

தசையைக் காப்பது புரதச் சத்து. சாப்பாட்டைக் குறைக்கும்போது புரதத்தையும் சேர்த்துக் குறைத்தால், உடம்பு தன் தசையையே தின்ன ஆரம்பித்துவிடும். எடை குறையும், கூடவே தெம்பும் போகும். உழைக்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றேகால் கிராம் வரை நாளொன்றுக்குத் தேவை. 70 கிலோ எடை உள்ளவருக்கு 70 முதல் சுமார் 87 கிராம்.

விலை கொடுத்துப் புரத மாவு டின் வாங்க வேண்டாம், தம்பிகளே! ஒரு முட்டையில் 6 கிராம். உள்ளங்கை அளவு கெம்போங் மீனில் சுமார் 20 கிராம். 100 கிராம் தெம்பேயில் 18 கிராமுக்கு மேல். அவித்த பாசிப்பயறு ஒரு கப்பில் 14 கிராம். எல்லாமே மெர்லிமாவ் கடைத்தெருவில் கிடைப்பவை.

ஒரு நாள் சாப்பாடு

விடியற்காலை, வேலைக்குப் போகுமுன்: சீனி போடாத தேத்தண்ணி அல்லது கோப்பி, அவித்த முட்டை 2, இட்லி 2, சாம்பார். வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போகாதீர்கள். போனால் பத்து மணிக்கு ரொட்டி சானாய் இரண்டு உள்ளே போகும்.

பத்து மணி பசியாறல்: அவித்த பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலை அரை கப், ஒரு வாழைப்பழம், நிறையத் தண்ணீர்.

மதியம்: சோறு ஒரு கப், மீன் ஒரு துண்டு, பருப்பு அரை கப், கங்கோங் கீரையோ முருங்கைக் கீரையோ வெண்டைக்காயோ இரண்டு கை நிறைய. கடுமையாகக் குலை வெட்டுகிற நாளில் சோறு இன்னொரு அரை கப் சேர்க்கலாம், தப்பில்லை.

மாலை: கொய்யா அல்லது பப்பாளி. பலகாரக் கடைப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

இரவு, எட்டு மணிக்குள்: எண்ணெய் விடாத சப்பாத்தி 2, தெம்பே 100 கிராம் அல்லது தோல் நீக்கிய கோழி, காய்கறி.

கூட்டிப் பாருங்கள். புரதம் 80 கிராம் வந்துவிடும்.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

கெட்டிப் பால் இரண்டு கரண்டி போட்ட தேத்தண்ணியில் பாலிலிருந்து மட்டும் சுமார் 120 கலோரி. நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் 360. அதாவது, ஒன்றரைக் கப் சோற்றுக்கும் அதிகம்! வயிறு நிறையாது, தொப்பை மட்டும் நிறையும். போத்தல் பானமும் அப்படித்தான். அதனால்தான் அரசாங்கம் 2019 ஜூலை முதல் சீனி கூடிய பானங்களுக்கு வரி போட்டது.

எண்ணெய் ஒரு பெரிய கரண்டியில் 120 கலோரி. சட்டியில் கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் இரண்டு லிட்டர் போதும். தேங்காய்ப்பால் குழம்பு வாரம் ஒரு நாள் வைத்தால் போதாதா? பியரும் சம்சுவும் வெறும் கலோரிதான். கூடவே சம்பளப் பணமும் போகும்.

நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரம் ஏறக்குறைய அரைக் கிலோ இறங்கும். அந்த வேகம் போதும். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பேன் என்று கிளம்பினால் தசைதான் போகும்.

தசைக்கு வேலை கொடுங்கள்

சாப்பாடு மட்டும் தெம்பு தராது. குலை வெட்டுகிறவருக்கு வேலையே பயிற்சி. டிராக்டர் ஓட்டுகிறவர், காவல்காரர், வீட்டில் இருக்கும் தாய்மார்கள் வாரம் இரண்டு மூன்று நாள் இதைச் செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 தடவை. தண்ணீர் நிரப்பிய போத்தல் தூக்குவது 10 தடவை. கொஞ்சம் ஓய்வெடுத்து இதையே மூன்று சுற்று. மற்ற நாட்களில் சாயங்காலம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

இவர்கள் கவனிக்கவும்

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சீனி திடீரென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்கும் சாப்பாட்டில் இறங்க வேண்டாம்.

பாசார் மாலாமில் விற்கும் ‘மெலியும் கோப்பி’, மாத்திரைகளைத் தொடாதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன என்று 2010-இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எல்லாருக்கும் மீனைப் போட்டுவிட்டு, மிச்சச் சோற்றைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறீர்களே, அது வேண்டாம். நீங்களும் காட்டில் உழைக்கிறவர்கள்தான். உங்கள் தட்டிலும் ஒரு துண்டு மீன் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த வாரம் தேத்தண்ணியில் கெட்டிப் பாலை நிறுத்துங்கள். அடுத்த வாரம் சோற்றில் ஒரு அகப்பை குறைத்து, ஒரு முட்டை கூட்டுங்கள். மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ரத்தத்தில் சீனி எவ்வளவு என்று இதுவரை பார்க்காதவர்கள் இந்த மாதமே தோட்ட ஆஸ்பத்திரிக்கோ மெர்லிமாவ் அரசாங்கக் கிளினிக்குக்கோ போய்ப் பார்த்துவிடுங்கள்.