நடப்போர்க்கு வெகுமதி: கனடா நாட்டின் ஒரு சோதனை

நடத்தல் உடலுக்கு நன்மை தரும் என்பதை அறியாதார் இலர். அறிந்தும் நடவாதாரே மிகுதி. இக்குறையைச் சிறு வெகுமதியால் நீக்க இயலுமா என்று கனடா நாட்டு மத்திய அரசாங்கம் சோதித்துப் பார்த்தது. அதன் பொதுச் சுகாதார நிறுவனத்தின் நிதியுதவியுடன், ‘கேரட் ரிவார்ட்ஸ்’ என்னும் கைப்பேசிச் செயலி 2016ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தொடங்கப்பெற்றது.

அதன் முறை எளியது. ஒருவர் அன்றாடம் நடக்கும் காலடிகளைக் கைப்பேசி எண்ணும். அவரது வழக்கத்திற்குச் சற்று மேலாக அவர்க்கென ஓர் இலக்கு வகுக்கப்படும். இலக்கை எட்டிய நாளில் ஏறத்தாழ நான்கு சென்ட் மதிப்புள்ள புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு பெட்ரோல், திரைப்படச் சீட்டு முதலியன பெறலாம்.

32,229 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் ஆராய்ந்தபொழுது, சராசரியாக நாளொன்றுக்கு 116 காலடிகளே மிகுந்தன. ஆயின், முன்னர் மிகக் குறைவாக நடந்தோரிடம் இவ்வுயர்வு பன்மடங்காக இருந்தது. யாரை நாடி இம்முயற்சி தொடங்கிற்றோ, அவர்களே மிகுதியும் பயனுற்றனர்.

எனினும் போதிய நிதி தொடர்ந்து கிட்டவில்லை. பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்த அச்செயலி 2019 ஜூனில் மூடப்பட்டது. அரசாங்கப் பணத்தைப் பெரிதும் நம்பிய வெகுமதி, பணம் நின்றதும் நின்றது.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எல்லோர்க்கும் ஒரே இலக்கை விதியாது, அவரவர் இன்றைய நிலையினின்று ஒரு படி உயர்த்துதல் வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை.