சிவநேரிப் பாறைச் செடியைத் தொட்டியில் வளர்த்தல்

மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் நகரை அடுத்த சிவநேரிக் கோட்டை, சத்ரபதி சிவாஜி பிறந்த இடமாகும். அக்குன்றின் செங்குத்தான கரும்பாறை வெடிப்புகளில் சதைப்பற்றுள்ள சிறு செடியொன்று வளர்கிறது. அதன் தாவரவியற் பெயர் ஃபிரேரியா இண்டிகா. பம்பாய் மாகாணத்தின் வன அதிகாரியாயிருந்த டால்சல் 1860-களில் இதனை விவரித்து, 1862 முதல் 1867 வரை அம்மாகாணக் கவர்னராயிருந்த சர் பார்ட்டில் ஃபிரேரின் பெயரைச் சூட்டினார். மகாராஷ்டிரத்தின் ஒரு சில குன்றுகளில் மட்டுமே இயற்கையாகக் காணப்படுவதால், அழிவை எதிர்நோக்கும் செடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தமிழ்நாட்டுக் கல்லிமுளையான் இதற்கு உறவாகும். எனினும் கல்லிமுளையானில் இலை என்று சொல்லத்தக்கது காண்பதரிது. இச்செடியிலோ மழைக்காலத்தில் பசிய இலைகள் தழைக்கின்றன. கருஞ்சிவப்பில் மஞ்சட் புள்ளிகள் கொண்ட, நட்சத்திர வடிவப் பூக்களும் தோன்றுகின்றன.

மழை நின்று வறட்சி தொடங்கியதும் இலைகள் உதிர்ந்து தண்டு மட்டும் எஞ்சும். செடி வாடிவிட்டதென்று எண்ணி நீரை மிகுதியாக ஊற்றுவோர் பலர். அதனாலேயே வேர் அழுகிச் செடி மடிகிறது. உண்மையில் இலையுதிர்தல் நோயன்று, தற்காப்பாகும். 1977-இல் வெளியான ஆய்வொன்று இதன் காரணத்தை விளக்கியது. இலைகள் மற்றச் செடிகளைப்போல் பகலில் கரியமிலவாயுவை ஏற்கின்றன. தண்டோ அதனை இரவில் ஏற்று, அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடியபடியே பயன்படுத்துகிறது. ஆகவே, நீரை விரைவில் இழக்கும் இலைகளை நீக்கிவிட்டுத் தண்டைக் கொண்டே செடி கோடையைக் கடக்கிறது.

மும்பையில் ஆண்டுக்குச் சுமார் 2,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பொழிந்துவிடும். பாறைச் சரிவில் நீர் தங்குவதில்லை, தொட்டியில் தங்கும். எனவே மாதுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளின் மாடி முகப்புகளில் வளர்ப்போர், அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்தின் கீழ் வைத்தல் நலம். தாராவியின் கும்பர்வாடாவில் வனையப்படும் மெருகிடாத மண்தொட்டிகள் ஈரத்தை வெளிவிடுவதால் ஏற்றவை. அடியில் துளை அவசியம். கருங்கற் சில்லு, செங்கற்பொடி, பருமணல் ஆகியவற்றை மிகுதியாகவும், மட்கிய இலையெருவைச் சிறிதளவும் கலந்து நிரப்புக. பாறைத் தோட்டமாயின், கற்களைச் சாய்வாக அடுக்கி, தண்டு விளிம்பில் தொங்குமாறு இடுக்கில் நடுக.

தண்டுத் துண்டிலிருந்து புதுச்செடி எளிதில் உண்டாகும். வெட்டிய முனையை நிழலில் சில நாட்கள் உலரவிட்டு, காயம் ஆறியபின் நடவேண்டும். துண்டுகளை வளர்ப்புச் செடியிலிருந்தே பெறுக, குன்றிலிருந்து பெயர்த்தலாகாது.

இலை உதிரும் தேதியையும் மீண்டும் துளிர்க்கும் தேதியையும் மாணவர்கள் குறித்துவரச் செய்தால், ஒரே தொட்டி ஆண்டு முழுவதும் பாடமாக அமையும்.