கடையின் பெயரில் வரும் கடிதம்

வணிகர் ஒருவரின் முதற்பெருஞ் செல்வம் அவருடைய பெயரேயாகும். சரக்குக் குறைந்தால் மீண்டும் வாங்கி நிரப்பலாம்; பணம் குறைந்தால் கடன்பட்டேனும் சமாளிக்கலாம். நற்பெயர் குறைந்தால் அதனை எந்தச் சந்தையில் வாங்குவது? இதனை உணர்ந்தே நம் முன்னோர் கடையின் பெயர்ப் பலகையிலும், கடிதத் தாளின் முத்திரையிலும் அத்துணை கருத்தாக இருந்தனர்.

இன்று கடிதத் தாளின் இடத்தை மின்னஞ்சல் பெற்றுவிட்டது. விலைப்பட்டியலும், பற்றுச்சீட்டும், இன்ன வங்கிக் கணக்கிற் பணத்தைச் செலுத்துக என்னும் அறிவித்தலும் அதன் வழியாகவே போய் வருகின்றன. ஆயின், அன்றைய முத்திரையின் இடத்தில் இன்று இருப்பது யாது? சிறு வணிகம் நடத்தும் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பெயர் வந்த வழி

அமெரிக்கப் பொறியியலாளரான ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் அமைத்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு 'அட்' குறியைத் தெரிந்தெடுத்தவர் அவரே. 1982இல் யோன் போஸ்டல் என்பார் கணினிகள் அஞ்சலைக் கைமாற்றும் விதிகளை வகுத்து வெளியிட்டார். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறையை உருவாக்கினார். எண்களாலான கணினி முகவரிகளுக்கு மனிதர் நினைவில் நிற்கும் பெயர்களைச் சூட்டும் பொதுப் பதிவேடு என்று அதனைக் கூறலாம். நமது நாட்டுக்குரிய 'எல்.கே.' என்னும் முடிவு 1990இலும், தமிழிலேயே எழுதத்தக்க 'இலங்கை' என்னும் முடிவு 2010இலும் அப்பதிவேட்டில் இடம்பெற்றன.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். தந்தை புடைவைக் கடை நடத்துகின்றார். மகள் அதன் மேல்மாடியில் தையலகம் ஒன்றைத் தொடங்குகின்றாள். இரண்டுக்கும் வெவ்வேறு ஆள்களப் பெயர்கள் உண்டு. அஞ்சலை ஏற்று வழங்கும் கணினியோ, சேர்வர் என வழங்கும் சேவையகமோ, ஒன்றே. இதனை ஒழுங்கு செய்ய வருபவரிடம் நான்கு கேள்விகளை நாம் கேட்டல் வேண்டும்.

கடிதம் எங்கே வருவது?

முதற் கேள்வி இது. அந்தப் பொதுப் பதிவேட்டில் 'எம்.எக்ஸ்.' என்னும் பதிவு ஒன்று உண்டு. இப்பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன கணினியிடம் ஒப்படைக்குக என்று உலகுக்கு அறிவிப்பது அதுவே. அதில் எழுதப்பட வேண்டியது கணினியின் பெயரேயன்றி அதன் எண் முகவரி அன்று. அதுவும் புனைபெயராக இருத்தலாகாது. நமது உதாரணத்தில் இரு பெயர்களின் பதிவுகளும் ஒரே கணினியைச் சுட்டலாம், அதிற் பிழையில்லை.

மின்வெட்டினாற் சேவையகம் சில மணி நேரம் நின்றுவிட்டால் கடிதங்கள் தொலைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் வேண்டுவதில்லை. அனுப்பும் கணினி நான்கைந்து நாள் வரையிலேனும் மீண்டும் மீண்டும் முயலவேண்டும் என்பது அஞ்சல் விதி.

உள்ளே யாருக்குச் சேர்வது?

வாயிலுக்கு வந்த கடிதம் உரியவர் கையிற் சேரவேண்டும். வீட்ஸெ வெனமா என்பார் எழுதி 1998இல் வெளியான 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்னும் மென்பொருளைச் சிறு நிலையங்கள் பல உபயோகிக்கின்றன. அதனிடம் இரு பட்டியல்கள் உண்டு. ஒன்று, கணினியின் சொந்தப் பெயர்களுக்கானது. மற்றது, தனித்தனி அஞ்சற்பெட்டிகள் உள்ள விருந்தினர்ப் பெயர்களுக்கானது. இரு பெயர்களையும் முதற் பட்டியலில் எழுதிவிட்டால், புடைவைக் கடையின் 'விற்பனை' முகவரிக்கு வருவதும் தையலகத்தின் 'விற்பனை' முகவரிக்கு வருவதும் ஒரே பெட்டியில் விழும். தந்தையின் கட்டளைகளும் மகளின் கட்டளைகளும் கலந்துவிடும். இரண்டாம் பட்டியலில் எழுதினால் அவை பிரிந்து நிற்கும். ஒரே பெயரை இரு பட்டியலிலும் எழுதுவதோ குழப்பத்தையே விளைவிக்கும்.

இன்னொன்றும் உண்டு. தன் பெயர் எதற்கும் உரியதல்லாத கடிதத்தை அந்நியர் எவரேனும் கொண்டுவந்து, 'இதனை வேறோர் இடத்திற் சேர்த்துவிடு' என்றால், சேவையகம் மறுத்துவிட வேண்டும். மறுக்காத சேவையகத்தைக் குப்பை அஞ்சல் அனுப்புவோர் விரைவிற் கண்டுபிடிப்பர். அதன் பின்னர் அக்கடையின் கடிதங்களை எவரும் ஏற்கமாட்டார்கள்.

கடிதத்துக்குச் சாட்சி யார்?

மூன்றாவது கேள்வியே தலையாயது. இதைக் கவனியாமல் விட்டாலும் கடிதங்கள் வரும், போகும். ஆதலாற் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அஞ்சலுறையின் பின்புறத்தில் அனுப்புநர் பெயரை யாரும் எழுதலாம். தபாற்காரர் அதனை விசாரிப்பதில்லை. 1982ஆம் ஆண்டின் விதிகளும் அவ்வாறே அமைந்தன. ஆகவே, எங்கோ இருக்கும் ஒருவன் நமது புடைவைக் கடையின் பெயரை இட்டு, 'எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி இக்கணக்கிற் பணத்தைச் செலுத்துங்கள்' என்று வாடிக்கையாளருக்கு எழுதக்கூடும். அவர் பணம் போகும். கடையின் பெயரும் அதனுடன் போகும்.

இதனைத் தடுக்கும் மூன்று காவல்களும் அதே பொதுப் பதிவேட்டிலேயே எழுதப்படுகின்றன. முதலாவது 'எஸ்.பி.எஃப்.' என்பது. எம் பெயரால் அஞ்சல் அனுப்பும் உரிமை இன்ன கணினிகளுக்கே உண்டு என்னும் பட்டியல் அது. ஒரு பெயருக்கு ஒரு பட்டியலே இருக்கலாம். புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது பழையதைத் திருத்தாமல் இரண்டாவதொன்றை எழுதினால், இரண்டும் பயனற்றுப் போகும்.

இரண்டாவது 'டீகிம்' என்பது. சேவையகம் தன்னிடமுள்ள இரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்திலும் ஒப்பமிடுகின்றது. அதற்கு இணையான பகிரங்கச் சாவி பதிவேட்டில் உள்ளது. ஒப்பமிடப்பட்ட பகுதியில் வழியில் ஓர் எழுத்து மாற்றப்பட்டாலும் ஒப்பம் பொருந்தாது. ஒருவர் தமக்கு வந்த கடிதத்தை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும்போது முதற் காவல் தவறிவிடக் கூடும். மாற்றமின்றித் திருப்பப்பட்ட கடிதத்தில் இந்த ஒப்பம் நிலைத்து நிற்கும். இரண்டும் வேண்டும் என்பது இதனாலேயே.

மூன்றாவது 'டீமார்க்' என்பது. வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியும் பெயரும், மேற்கூறிய காவல்களுள் ஒன்றேனும் உறுதிசெய்யும் பெயரும் பொருந்த வேண்டும் என்பது அதன் விதி. பொருந்தாவிடில் என் செய்வது? சும்மா விடுவதா, ஒதுக்கி வைப்பதா, அறவே மறுப்பதா என்பதைப் பெயருக்குரியவரே அதில் அறிவிக்கலாம். முதலிற் 'சும்மா விடுக' என்று எழுதி, வந்து சேரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்து, உண்மையான கடிதங்கள் யாவும் தேறுகின்றன என்று கண்ட பின்னரே 'மறுக்குக' என்று மாற்றுதல் விவேகம்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம் கூகிளும் யாகூவும் இவற்றை வற்புறுத்தலாயின. ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் யாவரும் முதலிரு காவல்களில் ஒன்றையேனும் கொண்டிருத்தல் வேண்டும்; நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதம் அளவில் அனுப்புவோர்க்கு மூன்றும் கட்டாயம். தையலகத்தின் பெயருக்கும் இவையனைத்தும் தனியாக வேண்டும். தந்தையின் முத்திரை மகளின் கடிதத்துக்குச் சாட்சி கூறாது.

இக்காவல்களுக்கும் எல்லை உண்டு. ஓரெழுத்தை மாற்றிக் கடையின் பெயர்போலத் தோன்றும் வேறொரு பெயரை வாங்கி எழுதுபவனை இவை தடுக்கமாட்டா. கடவுச்சொல்லைத் திருடி உள்ளே புகுந்தவனையும் தடுக்கமாட்டா. ஆதலின், வங்கிக் கணக்கு மாறியது என்று எந்தக் கடிதம் வந்தாலும், அக்கடிதத்திலுள்ள இலக்கத்துக்கன்றி, முன்னரே தெரிந்த தொலைபேசி இலக்கத்துக்குப் பேசி உறுதி செய்து கொள்க.

சாவி யார் கையில்?

கடைசிக் கேள்வி கணினியைப் பற்றியதன்று. ஆள்களப் பெயர் எவர் பெயரிற் பதிவாகியுள்ளது? ஒழுங்கு செய்து கொடுத்த இளைஞர் தம் பெயரிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு சென்றுவிட்டால், கடை தன் பெயருக்கே அந்நியமாகிவிடும். பெயர் நிரந்தரச் சொத்தும் அன்று. தவணைக்குத் தவணை கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். தவணை தவறி வேறொருவர் அதனை வாங்கிவிட்டால், கடைக்கு வரும் கடிதங்கள் யாவும் அவர் கையிற் சேரும். காணி உறுதியைப் பேணுவது போன்று இப்பதிவின் விபரத்தையும், புதுப்பிக்கும் திகதியையும், கடவுச்சொற்களையும் குடும்பத்தில் இருவரேனும் அறிந்து பேணுதல் அவசியம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கூறிய பதிவுகள் பகிரங்கமானவை. விண்டோஸ் கணினியில் உள்ள 'என்.எஸ்.லுக்கப்' என்னும் சிறு கட்டளையைக் கொண்டு எந்தப் பெயரின் 'எம்.எக்ஸ்.' பதிவையும் எஸ்.பி.எஃப். பட்டியலையும் யாரும் பார்க்கலாம். உங்கள் தந்தையாரின் கடைக்கோ, மாமாவின் அச்சகத்துக்கோ சொந்த ஆள்களப் பெயர் இருக்குமாயின், இன்று மாலையே பார்த்து, பட்டியல் இல்லையேல் பெரியவர்களிடம் எடுத்துரையுங்கள். ஒழுங்கு செய்ய ஒரு நாட் பொழுது போதும். ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவரின் நம்பிக்கையை மீட்பதற்கோ ஆண்டுகள் பல செல்லும்.