எண்ணிக்கொண்டே இருந்த ஜானகி அம்மாள்

என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கட்டுரை நோட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, ‘நான் மிகவும் போற்றும் மனிதர்’னு எழுதணும். கலாம் ஐயாவை எழுதலாம்னா, எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அவரைத்தான் எழுதறாங்க. நீங்களா இருந்தா யாரை எழுதுவீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சீப்பிலிருந்து ஒரு பூவன் பழத்தைப் பிய்த்து, தோலோடு குறுக்கே வெட்டி அவளிடம் நீட்டினேன்.

"இதில விதை எங்கேன்னு காட்டு பார்க்கலாம்."

அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். நடுவில் கடுகைவிடச் சின்னதாகச் சில கறுப்புப் புள்ளிகள். "இதுவா?" என்றாள். ஆமாம், அதுதான். விதையாக முயன்று பாதியிலேயே நின்றுபோனவை. மண்ணில் போட்டால் முளைக்காது. மலைக்காட்டில் தானாக வளரும் வாழையின் பழத்தை வெட்டினால் கதை வேறு. உள்ளே கறுப்புக் கல்லாக விதை நிறைந்திருக்கும். கடித்தால் பல் போய்விடும்.

ஏன் இந்த வித்தியாசம்? செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் துண்டுகள் மாதிரிச் சில பொருள்கள் உண்டு. அவைதான் குரோமோசோம்கள். அந்தச் செடி எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. காட்டு வாழையில் 11 வகை நூல்கள், வகைக்கு இரண்டாக மொத்தம் 22. பூவனில் வகைக்கு மூன்று, மொத்தம் 33. விதை உண்டாக வேண்டுமானால் இந்த நூல்கள் முதலில் ஜோடி சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிய வேண்டும். இரண்டு இருந்தால் சிக்கல் இல்லை. மூன்று இருந்தால்? நீங்கள் விளையாடும்போது ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருவரை உப்புக்குச் சப்பாணியாக நிறுத்துவீர்களே, அதே கதைதான். ஒவ்வொரு வகையிலும் ஓர் உப்புக்குச் சப்பாணி. கணக்கு குழம்பிப்போகிறது, விதை உருவாவதில்லை. நாம் பல் உடையாமல் பழம் தின்கிறோம்.

"இந்த நூலையெல்லாம் எண்ணிக்கிட்டே இருந்த ஒரு அம்மாவைத்தான் நான் எழுதுவேன்" என்றேன்.

அவர் பெயர் ஜானகி அம்மாள். முன்னெழுத்துகளோடு இ.கே. ஜானகி அம்மாள். 1897ஆம் ஆண்டு தலச்சேரியில் பிறந்தவர். தலச்சேரி இன்று கேரளத்தில் இருக்கிறது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அதனால் மேற்படிப்புக்குச் சென்னைக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். பிறகு பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அவ்வளவு படித்ததே பெரிய சங்கதி. அவர் அதோடு நிற்காமல், கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்து, உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். 1931இல் அங்கே டாக்டர் பட்டம். எனக்கு ருசியான பகுதி இதற்கப்புறம்தான் வருகிறது, ஏனென்றால் அதில் கரும்பு இருக்கிறது.

பொங்கலுக்கு நீங்கள் கடிக்கும் தடித்த கரும்பு, இனிப்பில் குறை வைக்காது. ஆனால் அந்தத் தடித்த சாதிக் கரும்புகள் செல்லப்பிள்ளைகள். வட இந்தியக் குளிர் ஒத்துக்கொள்ளாது, நோயும் எளிதில் பிடிக்கும். இன்னொரு பக்கம், ஆற்றோரத்தில் யாரும் நடாமலே வெள்ளைப் பூக்கதிரை ஆட்டிக்கொண்டு நிற்கும் காட்டுக் கரும்பு. மெல்லிய நாணல்தான், சாறும் கிடையாது. ஆனால் வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் அசையாது. இரண்டையும் கலந்தால் என்ன?

அந்த வேலைக்காகத்தான் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கரும்பை நாம் கரணை வைத்துத்தான் நடுகிறோம், விதை தேவைப்படுவதில்லை. புதுக் கலப்பு வேண்டுமென்றால் மட்டும் பூவும் விதையும் வேண்டும். வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை, கோவையில் பிடிக்கிறது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைக் காட்டுக் கரும்போடு சேர்த்து, 1918இல் ‘கோ 205’ என்ற ரகத்தை வெளியிட்டார்கள். ‘கோ’ என்றால் கோயம்புத்தூர். வட இந்திய வயல்களில் அது நன்றாக எழும்பியது.

ஜானகி அம்மாள் 1934இல் அந்த நிலையத்துக்கு வந்தார். கலப்பு நடந்துவிட்டது, சரி. உள்ளே என்ன நடந்தது என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எண்ணுவது எப்படி என்று சொல்கிறேன். கரணையை ஈரமண்ணில் ஊன்றினால் கணுவில் வேர் விடும். செல்கள் வேகமாகப் பிரிந்து பெருகும் இடம் அந்த வேரின் நுனி. குரோமோசோம்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவதும் செல் பிரியும் நேரத்தில்தான். நுனியை நறுக்கி, அமிலத்தில் மென்மையாக்கி, சாயம் ஏற்ற வேண்டும். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஒரு சிவப்புச் சாயம், கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து வருவது! பிறகு மெல்லிய கண்ணாடிச் சில்லை மேலே வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. கோணலாக அழுத்தினால் எல்லாம் நசுங்கிக் கூழாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சரியாக அமைந்தால் நுண்ணோக்கியில், கொட்டிய வத்திக்குச்சிகள் போலக் குரோமோசோம்கள் பரந்து கிடக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் சில பங்குதான் ஒவ்வொன்றின் நீளமும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதையும் பிரித்தறிந்து எண்ண வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. தடித்த கரும்பில் 80 குரோமோசோம். கோவைப் பக்கத்துக் காட்டுக் கரும்பில் 64. தாய் பாதி, தகப்பன் பாதி கொடுப்பதுதான் வழக்கம். அப்படியானால் பிள்ளைக்கு எத்தனை? 40, 32, ஆக 72 என்பீர்கள். கோ 205இல் இருப்பதோ 112! தாய்க் கரும்பு பாதியை நிறுத்திக்கொள்ளாமல் 80ஐயும் முழுசாகக் கொடுத்துவிட்டது. தடித்த கரும்புத் தாய்க்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதை முன்பே கவனித்தவர், ஜாவாவில் வேலை செய்த பிரேமர் என்னும் டச்சுக்காரர். கரும்பின் குடும்பக் கணக்கு இப்படித் தலைசுற்ற வைக்கும். அதற்குள் துணிந்து இறங்கினார் ஜானகி அம்மாள். காட்டுக் கரும்பிலேயே எத்தனை விதம், எதில் எத்தனை குரோமோசோம் என்று ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். இரண்டும் புல் குடும்பம்தானே! அந்தக் கலப்பைப் பற்றிய குறிப்பு 1938இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்தப் பிள்ளை வயலுக்கும் வரவில்லை, ஆலைக்கும் போகவில்லை. ஆனால் ஒரு செடியும் இன்னொரு செடியும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துகொள்ள இதுவும் ஒரு வழி.

ஆண்களே நிறைந்த கோவை நிலையத்தில் அவருக்கு உரிய மரியாதை எளிதாகக் கிடைக்கவில்லை. 1939இல் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் உலகப்போர் வெடித்தது. திரும்பி வர வழியில்லாமல் இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னஸ் என்னும் தோட்டக்கலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாராம். காலையில் எழுந்து, உடைந்த கண்ணாடித் தூளை அலமாரியிலிருந்து துடைத்துவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்துவிடுவாராம். இன்னொன்றும் சொல்கிறார்கள். நம் ஊர் அணில் ஒன்றைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தாராம். அதற்கு வைத்த பெயர் கபோக். இலவம்பஞ்சு என்று அர்த்தம்! (நீங்கள் யாரும் இதை முயன்று பார்க்காதீர்கள். விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்.)

அந்தப் போர்க்கால உழைப்பில் 1945இல் ஒரு புத்தகம் வந்தது. மனிதர்கள் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டித் தரும் பெரிய அட்டவணை அது. சி.டி. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து எழுதியது. தாவர ஆராய்ச்சிக்காரர்கள் பல காலம் கையருகே வைத்திருந்த புத்தகம்.

பிறகு லண்டனுக்குப் பக்கத்தில் விஸ்லி தோட்டத்தில் ஒரு வேடிக்கையான வேலை செய்தார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிக்கும், பிறகு மெல்லிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமாக இழுக்கும். கால்சிசின் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. அது அந்த இழைகளை உருவாகவே விடாது. இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். அப்படி வளரும் செடியில் பெரும்பாலும் இலை தடிக்கும், பூ பெரிதாகும். ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளின் கொழுந்தில் இந்தக் கால்சிசினை இட்டார். அவர் பெயரைத் தாங்கிய வெள்ளைப்பூ மக்னோலியா ஒன்று உண்டு, ‘மக்னோலியா கோபஸ் ஜானகி அம்மாள்’. மக்னோலியா வேறு யாருமில்லை, நம் சண்பகத்தின் சொந்தக்காரிதான்.

கால்சிசினும் நமக்கு அந்நியமில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதுவே. திருப்பூர், திண்டுக்கல் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். மருந்துக்குப் போகிறது. ஆனால் கடும் விஷம். வேலியில் பூத்திருந்தால் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1951இல் பிரதமர் நேரு அழைக்க, இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். பதவி வந்ததும் நாற்காலியில் ஒட்டிக்கொள்ளவில்லை. ஷில்லாங் பக்கம் அபூர்வமான ஒரு மக்னோலியா இருப்பதாகத் தெரிந்து 37 மைல், அதாவது கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், தேடிப் போனார். அந்த வட்டாரத்தில் அந்த இனத்துக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே மரம். அங்கே போய்ப் பார்த்தால் அது எரிந்து கிடந்தது. இதை டார்லிங்டனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த மரம் அவர் மனசில் கடைசிவரை இருந்திருக்கும் என்பது என் ஊகம். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டிக் காட்டை மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தபோது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. அந்த எதிர்ப்பில் அவரும் சேர்ந்தார். அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்று கிளம்பினார். மறுபடியும் எண்ணிக்கைதான்! அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே வருடம் பிப்ரவரியில், மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்தவர் காலமாகிவிட்டார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் அண்ணன் மகள் கட்டுரை எழுத உட்காரவில்லை. "நம்மளால எண்ண முடியுமா அத்தை?" என்றாள். முடியும். கரும்பு கஷ்டம், வெங்காயம் சுலபம். பெரிய வெங்காயத்தில் 16தான், ஒவ்வொன்றும் நல்ல நீளம். டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி வெங்காயத்தை வாய்மேல் உட்கார வைத்தால் போதும். அமிலம், சாயம் வேலையெல்லாம் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, பதினேழு!"

"பதினாறுதானே வரணும்?"

"நூல் இல்லைங்க அத்தை, வேர். பதினேழு வேர் விட்டிருக்கு. நுண்ணோக்கி இருக்கிற பீரோ சாவி நாளைக்குத்தான் டீச்சர் தர்றேன்னாங்க."