பழைய சோறும் ஈரலும்

ஆலங்குடி வட்டாரத்தில் வாழைக்கும் பலாவுக்கும் குறைவில்லை. சின்ன வெங்காயம் இல்லாத அடுக்களையும் அங்கே அபூர்வம். ஆயினும் பட்டணங்களில் போலவே இவ்வூர்ப் பக்கங்களிலும் காலைப் பழையது மறைந்து, பரோட்டாவும் சர்க்கரைப் பானங்களும் அவ்விடத்தைப் பிடித்து வருகின்றன. இம்மாறுதலுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம்.

மதுவைத் தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்புப் படிவதுண்டு. ஈரலின் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது நோய். வலியின்றி வளர்ந்து, சிலருக்கு ஈரலையே சுருக்கிவிடும். 2021-இல் இந்திய அரசாங்கம் இதனை நீரிழிவு முதலிய நோய்களைத் தடுக்கும் தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

நாம் செரிக்க முடியாத சில நார்ப்பொருள்களைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு வளர்கின்றன. இத்தகைய நல்லுணவுக்கு 1995-இல் கிப்ஸன், ராபர்ஃபிராய்ட் என்னும் இரு அறிஞர்கள் 'பிரிபயாட்டிக்' என்று பெயரிட்டார்கள். வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள இனுலின் அவ்வகையைச் சேர்ந்தது. வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் உள்ள செரிக்காத மாவுச்சத்தும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் பொருள் குடற்சுவருக்கு ஆகாரம். சுவர் தளர்ந்தால் கிருமிகளின் நஞ்சு இரத்தத்தில் கசியும். குடலிலிருந்து புறப்படும் இரத்தமோ நேரே ஈரலுக்குத்தான் போகிறது! குடலில் மூண்ட நெருப்பு ஈரலைச் சுடுவது இவ்விதமே.

சீனாவில் 200 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த செரிக்காத மாவுச்சத்தை நாளொன்றுக்கு 40 கிராம் வீதம் 4 மாதம் உண்டவர்களுக்கு ஈரற்கொழுப்பு குறைந்தது. ஆனால் இங்கிலாந்தில் 104 பேருக்கு வேறொரு நாரையும் நல்ல நுண்ணுயிரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், குடல் நுண்ணுயிர்கள் மாறினவே தவிர, ஈரற்கொழுப்பு குறையவில்லை என்று 2020-இல் தெரிந்தது. ஆகவே எல்லா நாரும் ஒன்றல்ல. டப்பாவில் விற்கும் பொடியைச் சர்வரோக நிவாரணி என்று நம்புவதும் தகாது.

ஒரு கும்பா பழைய சோற்றில் 40 கிராம் செரிக்காத மாவு கிடைத்துவிடாது. நீரிழிவுள்ளவர்கள் சோற்றின் அளவையும் மறக்கலாகாது. உடல் எடையைக் குறைப்பதும், நடப்பதும், சர்க்கரையையும் மதுவையும் விலக்குவதுமே முதல் வைத்தியம். அவற்றுக்குத் துணையாகக் கீரையும் பயறும் வெங்காயமும் வாழைத்தண்டும் தினந்தோறும் இலையில் விழட்டும். கடையில் விலை கொடுத்து வாங்கும் நாரைவிட, கொல்லையில் விளையும் நாருக்குச் செலவு குறைவு, சுவையோ அதிகம்.