ஞாயிற்றுச் சுழியம்

தூத்துக்குடிக் கரையில் நாட்கணக்கு இருவகையாக ஓடுகிறது. 1974 சூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, இன்று வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்திற்குக் கிழமை வேறுபாடு கிடையாது. ஞாயிறு நள்ளிரவிலும் அங்கே சரக்கு இறங்கும். மீன்பிடித் துறைமுகத்திலோ ஞாயிறன்று விசைப்படகுகள் கரையில் கட்டியே கிடக்கும். பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க நெறியைத் தழுவிய பரதவர் வாழும் கரை இது. ஞாயிறு அவர்களுக்குத் திருப்பலிக்குரிய நாள். ஆகவே ஒரு துறைக்குப் பொருந்தும் சராசரி மற்றதற்குப் பொருந்தாது.

ஒரு வாரத்தில் ஆறு நாளும் நாளொன்றுக்கு 70 டன் மீன் இறங்கியது, ஞாயிறன்று ஒன்றுமில்லை என்று கொள்வோம். மொத்தம் 420 டன். ஏழால் வகுத்தால் 60. ஆறால் வகுத்தால் 70. இரண்டும் சரியே. ஊருக்கு நாள்தோறும் எவ்வளவு மீன் கிடைக்கிறது என்பதற்கு 60 விடை. ஏலக்கூடத்திற்கு எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதற்கு 70 விடை. எதனால் வகுத்தோம் என்று சொல்லாத சராசரியை நான் ஏற்பதில்லை. நகரும் சராசரி காண்போர் ஏழேழு நாளாகவே எடுக்க வேண்டும். எங்கே தொடங்கினாலும் ஏழு நாளுக்குள் ஞாயிறு ஒன்றே வரும். விடை 60இல் நிலைத்து நிற்கும். ஐந்தைந்து நாளாக எடுத்தாலோ, ஞாயிறு உள்ளே வந்தால் 56, வெளியேறினால் 70 எனக் கோடு துள்ளும். கடலில் ஒரு மாற்றமும் நேர்ந்திராது.

மாதக் கணக்கிலும் இப்பிழை ஒளிந்திருக்கும். 2023 செப்டம்பரில் நான்கு ஞாயிறுகள். 2024 செப்டம்பரில் ஐந்து. தொழில் நாட்கள் 26இலிருந்து 25ஆகக் குறைந்தன. நாள்வரத்து மாறாதிருந்தாலும் மாத வரத்து ஏறத்தாழ 4 விழுக்காடு சரியும். அந்தச் சரிவுக்கு மீன்வளக் குறைவைக் காரணம் காட்டுவது பெருந்தவறு.

சனிக்கிழமை ஞாயிற்றுக்கு நேர்மாறானது. கடலில் தங்கி மீன்பிடிக்கும் நாட்டுப்படகுகள் தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக்குச் சனியன்று கூட்டமாய்க் கரை திரும்புவது வழக்கம். அன்று குவியும் சீலா, ஊளி, பாறை மீன்கள் ஒருநாள் உழைப்பின் பயன் அல்ல. பல இரவுகளின் உழைப்பு ஒரே தேதியின் கீழ் ஏறுகிறது. மீன்வள அறிவியலார் இதனாலேயே எடையை மட்டும் பாராமல், படகு கடலில் கழித்த காலத்தால் அதை வகுத்துப் பார்க்கின்றனர். சனியைச் சனியோடும் திங்களைத் திங்களோடும் ஒப்பிடுவது எளிய காப்பு. ஆனால் படகுகள் கடலுக்குச் செல்லாத பனிமய மாதா பெருவிழா அதையும் குலைக்கும். ஆகஸ்டு 5 என்னும் அந்நாள் 2018இல் ஞாயிற்றுக்கிழமையிலேயே அமைந்ததால் தொழில் நாள் எதையும் விழுங்கவில்லை. 2024இல் திங்கட்கிழமை வந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான விசைப்படகுகளின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை அவற்றின் எந்தச் சராசரியிலும் கலக்கவே கூடாது.

நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எல்லா நாளும் மீனை எண்ணுவதில்லை. தேர்ந்தெடுத்த நாட்களில் கண்டதைக் கொண்டு மாத வரத்தை மதிப்பிடுகிறது. இத்தகைய மதிப்பீட்டில், தொழில் நாளின் சராசரியை 26ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் 30ஆல் பெருக்கிவிட்டால், பிடிக்காத மீன் 15 விழுக்காடு கணக்கில் ஏறிவிடும்.

எடைக்கு அருகே, கடலுக்குச் சென்ற படகுகளின் எண்ணிக்கையையும் எழுதுவதே தீர்வு. படகும் சுழியம், மீனும் சுழியம் என்றால் ஓய்வு நாள். படகுகள் சென்றும் மீன் இல்லையென்றால், உடனே ஆராய வேண்டிய செய்தி. எவரும் எண்ணாத நாளின் கட்டத்தைச் சுழியமிட்டு நிரப்பாமல் வெறுமையாகவே விட வேண்டும்.

சுழியம் குறித்த இந்த எச்சரிக்கை முத்துக்கு இன்னும் பொருந்தும். 1955 முதல் 1961 வரை இக்கரையில் நடந்த முத்துக்குளிப்பே கடைசி. அதன்பின் அறுவடைப் பட்டியலில் தொடரும் சுழியங்கள், குளிப்பு நடக்கவில்லை என்பதை மட்டுமே கூறும். பார் எனப்படும் கடலடித் திட்டுகளில் முத்துச்சிப்பி இருந்ததா இல்லையா என்பதற்கு, மூழ்கிப் பார்த்தவர்களின் ஆய்வுக் குறிப்பையே தேடிச் செல்ல வேண்டும்.